சேற்றுச் சாலையும் கம்பெனி வேனும்: இழுவைக் கட்டுப்பாட்டின் எல்லை, சட்டம் தரும் காப்பு

மழையில் சேறான சாலையில் செல்லும் வேனில் சக்கரம் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் மின்னணு அமைப்பு இருக்கிறது என்பதாலேயே அதில் ஏறியவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று கருதுவது, அந்த அமைப்பால் இயலக்கூடியது எது என்பதையும் அந்தச் சேறு யாருடைய செயலால் உண்டானது என்பதையும் ஒருசேர மறந்துவிடுவதாகும். திருப்பூர் மாநகரின் வடபகுதியில் உள்ள நெருப்பெரிச்சல், வாவிபாளையம், பூலுவப்பட்டி வட்டாரத்திலிருந்து காலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பனியன் கம்பெனி வேன்களையும், துணி ரோல்களை நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கும் அங்கிருந்து காம்பேக்டிங்குக்கும் மாற்றிக்கொண்டே இருக்கும், குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டிகளையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு, இந்த மறதியின் விலை மிகப் பெரியது.

ஊராட்சியாக இருந்த நெருப்பெரிச்சல் 2011ஆம் ஆண்டு திருப்பூர் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. விளைநிலங்கள் மனைகளாகி, வீடுகளுக்கு நடுவே பவர் டேபிள் யூனிட்டுகளும் பிரிண்டிங் பட்டறைகளும் எழுந்த வேகத்துக்குச் சாலைகள் ஈடுகொடுக்கவில்லை. 2024-25ஆம் நிதியாண்டில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஆயினும் அந்த ஆடையைத் தைக்கும் கைகள் கம்பெனி வாசலை அடையும் கடைசிச் சில பர்லாங்கு தூரம் பல இடங்களில் மண்பாதையாகவோ, தோண்டி மூடிய பாதையாகவோதான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்த இந்த வட்டாரத்தில் மொத்த மழையளவு குறைவே என்றாலும், அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில், அதிலும் சில இரவுகளில் கொட்டித் தீர்ப்பதால், ஆண்டில் பெரும்பகுதி புழுதியாகக் கிடக்கும் பாதை ஓரிரவில் சேறாகிவிடுகிறது. 2011 நவம்பரில் நொய்யலும் ஜம்மனை ஓடையும் பெருக்கெடுத்து நகருக்குள் உயிர்ப்பலி வாங்கிய நிகழ்வு, வறண்ட ஊர் என்ற எண்ணத்தில் மழைக்கு ஆயத்தமாகாமல் இருப்பதன் விளைவைக் காட்டியது.

இயற்கையான மண்பாதையின் சேற்றைக் காட்டிலும் ஆபத்தானது, குழாய்ப் பள்ளம் மூடப்பட்ட இடத்தின் சேறு. நான்காவது குடிநீர்த் திட்டத்துக்காகவும் பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காகவும் நகரின் தெருக்கள் அடுத்தடுத்துத் தோண்டப்பட்டன. தோண்டிய மண்ணை மீண்டும் நிரப்பும்போது அதைச் சிறு சிறு அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நீர் தெளித்து இறுக்கிய பிறகே மேலடுக்கு போட வேண்டும் என்பது பொறியியல் விதி. அவ்வாறு இறுக்காமல் ஒரேயடியாகத் தள்ளி மூடிய பள்ளத்தின் மண்துகள்களுக்கிடையே காற்றிடைவெளி மிகுதியாக இருக்கும்; மழைநீர் அதனுள் இறங்கியதும் மண் தாங்கும் திறனை இழந்து கூழாகிவிடும்; மேற்பரப்போ பக்கத்துச் சாலையைப் போலவே தோற்றமளிக்கும். ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத இந்தப் பட்டையில் வேனின் ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் இறங்குகின்றன. ஒருபுறம் கெட்டித் தரையிலும் மறுபுறம் கூழிலும் நிற்கும் வண்டி சாய்கிறது, அல்லது சக்கரம் வீணாகச் சுழல்கிறது.

இவ்விடத்தில் உதவிக்கு வருவதாகச் சொல்லப்படுவதே டிராக்‌ஷன் கண்ட்ரோல் எனப்படும் இழுவைக் கட்டுப்பாடு. இழுவை என்பது டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்பைக் கொண்டு வண்டியை முன்னே நகர்த்தும் விசை. எஞ்சின் தரும் விசை அந்தப் பிடிப்பின் எல்லையைத் தாண்டும்போது சக்கரம் உருள்வதை விட்டு வழுக்கிச் சுழலத் தொடங்குகிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பை பாஷ் நிறுவனம் 1978இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே சக்கரவேக உணரிகளையும் பிரேக் குழாய்களையும் கொண்டு 1986இல் இழுவைக் கட்டுப்பாட்டையும், வண்டி பக்கவாட்டில் திரும்பிச் சறுக்குவதைச் சமாளிக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை 1995இலும் அது உருவாக்கியது. இம்மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் செய்யும் வேலை வேறு வேறு. ஏபிஎஸ் இருக்கும் வண்டி அனைத்திலும் மற்ற இரண்டும் இருக்கும் என்று கொள்ளலாகாது; அவை உள்ளனவா என்பதை, வண்டி வாங்குவோரும் வாடகைக்கு அமர்த்தும் கம்பெனிகளும் வண்டியின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்த அமைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, மெக்கானிக்குகள் கிரவுன் என்று சுட்டும் பகுதியில் அமைந்த டிஃபரன்ஷியலை அறிந்துகொள்ள வேண்டும். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி அது. சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சம அளவு முறுக்குவிசையையே தருவதால், ஒரு சக்கரம் கூழில் இறங்கி எதிர்ப்பே இல்லாமல் சுழலும்போது, கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசையே கிடைக்கிறது. ஒரு சக்கரம் சேற்றை வாரி இறைக்க, மற்றொன்று அசையாமல் நிற்கும் காட்சிக்குக் காரணம் இதுதான். இழுவைக் கட்டுப்பாடு, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் நொடிக்குப் பலமுறை ஒப்பிட்டு, மிகையாகச் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து அடக்குகிறது. அடக்கப்பட்ட சக்கரம் எதிர்ப்புத் தருவதால் மறுபுறச் சக்கரத்துக்கும் அதே அளவு விசை ஏறி வண்டி நகர்கிறது. அதே வேளையில் எஞ்சினின் விசையையும் அது குறைக்கிறது. பழைய பின்சக்கர இயக்க வேன்களில் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு வண்டியை மீட்பதுண்டு. கையால் தோராயமாகச் செய்யப்பட்ட அந்த வேலையையே இந்த அமைப்பு தனித்தனிச் சக்கரத்துக்குத் துல்லியமாகச் செய்கிறது. ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களையே பிடிக்கும் என்பதால், முன்சக்கர இயக்கம் கொண்ட டாடா விங்கர் போன்ற வேன்களில் அந்தப் பழைய உத்தி பயன்படாது.

இவ்வளவு திறன் இருந்தும், இல்லாத பிடிப்பை இழுவைக் கட்டுப்பாட்டால் உண்டாக்க முடியாது. இருபுறச் சக்கரங்களும் கூழில் இருந்தால் மாற்றிக் கொடுப்பதற்கு எந்தப் பக்கமும் பிடிப்பு இல்லை. அதைவிட முக்கியமானது, வண்டியை நகர்த்துவதற்காக அமைந்த இது, வண்டியை நிறுத்துவதற்கு உதவாது என்பது. உலர்ந்த தார்ச் சாலையில் டயரின் உராய்வுக் கெழு ஏறத்தாழ 0.7 என்றும், நனைந்த களிமண்ணில் 0.25 என்றும் கொண்டால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வேன் பிரேக் பிடித்த பிறகு தாரில் 9 மீட்டரில் நிற்கும். களிமண் சேற்றில் 25 மீட்டர் ஓடியே நிற்கும். வேகத்தை 20 கிலோமீட்டராகக் குறைத்தால் அதே சேற்றில் ஏறத்தாழ 6 மீட்டரில் நின்றுவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் நிற்கும் தூரம் நான்கில் ஒன்றாகக் குறைகிறது என்னும் இந்தக் கணக்கு தரும் பாதுகாப்பு, எந்த மின்னணு அமைப்பு தருவதையும்விடப் பெரியது. ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்குள் ஆட்களைச் சேர்க்காவிட்டால் வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கமோ, அந்தப் பாதுகாப்பை நேரடியாகப் பறிக்கிறது.

சேற்றில் ஓட்டும் முறையும் இந்த இயல்பிலிருந்தே பிறக்கிறது. சேறு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்து, நடுவில் நிறுத்தாமலும் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடிக்காமலும் கடப்பதே சரியான வழி. ஓடிக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் இழுவைக் கட்டுப்பாட்டு விளக்கு மினுக்கினால் அமைப்பு வேலை செய்துகொண்டிருக்கிறது என்றும் பிடிப்பு எல்லையை எட்டிவிட்டது என்றும் பொருள். மினுக்காமல் தொடர்ந்து எரிந்தால் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது அல்லது பழுதாகியிருக்கிறது. ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால், சக்கரவேக உணரியில் சேறு அப்பியிருப்பதோ அதன் வயர் அறுந்திருப்பதோ பெரும்பாலும் காரணமாக இருக்கும். உணரி ஒன்று செயலிழந்தாலே முழு அமைப்பும் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு டயரை மட்டும் வேறு அளவில் மாற்றிப் பொருத்தினாலும் சக்கர வேகங்கள் பொருந்தாமல் அமைப்பு குழம்பும் என்பதால், செலவைக் குறைக்கக் கிடைத்த டயரை மாட்டும் பழக்கம் இத்தகைய வண்டிகளில் இரட்டைக் கேடு.

ஆழமான சேற்றில் வண்டி முழுதாகச் சிக்கிவிட்டால் இந்த அமைப்பே இடையூறாவதும் உண்டு. சக்கரம் சற்றுச் சுழன்று டயரின் பள்ளங்களில் அப்பிய சேற்றை உதறினால்தான் அடித்தரையைப் பிடிக்க முடியும் என்னும் நிலையில், அமைப்பு ஒவ்வொரு முறையும் எஞ்சின் விசையைக் குறைத்து வண்டியை அப்படியே நிறுத்திவிடும். அப்போது மட்டும், பயணிகள் அனைவரையும் இறக்கி, வண்டிக்கு முன்னும் பின்னும் ஒருவரும் நிற்காதபடி பக்கவாட்டில் தள்ளி நிறுத்திய பிறகு, அணைக்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டு, மெல்ல முன்னும் பின்னுமாக அசைத்து வண்டியை எடுக்கலாம்; கெட்டித் தரை ஏறியதும் உடனே அமைப்பை மீண்டும் இயக்கிவிட வேண்டும். சக்கரத்தின் அடியில் செங்கல் துண்டு, ஜல்லி, பலகை, கோணிச்சாக்கு போன்றவற்றை இட்டுப் பிடிப்புத் தேடலாம். திருப்பூரில் எங்கும் கிடைக்கும் பனியன் வேஸ்டை இடுவது, சுழலும் சக்கரத்தோடும் அச்சோடும் அது சுற்றிக்கொள்ளும் என்பதால் தவிர்க்கத்தக்கது. டயரின் காற்றைச் சற்றுக் குறைத்து மீட்டால், தார்ச் சாலையில் ஏறும் முன் மீண்டும் நிரப்பியாக வேண்டும்.

இவை அனைத்துக்கும் அடிப்படை டயர். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 94ஆம் விதி, நான்கு சக்கர வாகனங்களின் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கிறது. மொட்டை டயரோடு ஓடும் வேனில் இழுவைக் கட்டுப்பாடு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். டயர் தேய்ந்திருப்பதை ஏறுவதற்கு முன் வெறும் கண்ணால் பார்த்தே பயணியால் கண்டுகொள்ள முடியும்.

இனி, பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. சேற்றில் வண்டி கவிழ்ந்தால் முதல் தகவல் அறிக்கையில் பெரும்பாலும் ஓட்டுநர் ஒருவரின் பெயர் மட்டுமே ஏறுகிறது. சட்டமோ இந்தச் சுமையை ஓட்டுநர், வண்டி உரிமையாளர், கம்பெனி நடத்துபவர், சாலையைப் பேண வேண்டிய அமைப்பு, அதன் ஒப்பந்ததாரர், வண்டியைச் செய்தவர், காப்பீட்டு நிறுவனம் எனப் பலர்மீதும் பகிர்ந்தே வைத்திருக்கிறது. அந்தப் பகிர்வு ஏட்டில் மட்டும் நின்றுவிடுவதற்குப் பாதிக்கப்படுவோர் அதை அறியாதிருப்பதே பெருங்காரணம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இல் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, சாலையை வடிவமைப்பதற்கோ அமைப்பதற்கோ பேணுவதற்கோ பொறுப்பான அதிகார அமைப்பும் ஒப்பந்ததாரரும் ஆலோசகரும் உரிய பாதுகாப்புத் தரங்களைப் பின்பற்றத் தவறி, அதனால் உயிரிழப்போ உடல் ஊனமோ ஏற்பட்டால், ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க வழி செய்கிறது. தொகை சிறியது, எனினும் அப்பிரிவு நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டியவையாக எவற்றைக் குறிக்கிறது என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. அந்தச் சாலையின் தன்மை என்ன, அதில் எத்தகைய போக்குவரத்து எதிர்பார்க்கப்படுகிறது, சாலை இருந்த நிலை ஆபத்தானது என்பது அந்த அமைப்புக்குத் தெரிந்திருந்ததா அல்லது தெரிந்திருக்க வேண்டுமா, செப்பனிடுவதற்கு முன் எச்சரிக்கைப் பலகையாவது வைக்கப்பட்டதா என்பன அவை. ஆகவே, மூடிய பள்ளம் உள்வாங்கிக் கிடப்பதைப் பற்றி மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் அளித்த மனுவுக்குப் பெற்ற ஒப்புகைச் சீட்டும், 1100 என்ற முதல்வரின் முகவரி உதவி எண்ணில் பதிந்து பெற்ற புகார் எண்ணும், நாளும் இடமும் விளங்க எடுத்த படமும், சாலை சரியாவதற்கு முன்பே விபத்து நேர்ந்துவிட்டால், நிர்வாகத்துக்கு அபாயம் தெரிந்திருந்தது என்பதற்கான சான்றாக மாறும். தெருக்காரர்களோ கம்பெனிகளோ கூட்டாக இத்தகைய மனு அளிப்பது வீண் வேலை என்ற எண்ணத்தைக் கைவிட இது ஒன்றே போதுமான காரணம்.

யாரிடம் மனு அளிப்பது என்பதிலும் தெளிவு வேண்டும். உள்தெருக்கள் மாநகராட்சிக்கும், முதன்மைச் சாலைகள் பல மாநில நெடுஞ்சாலைத் துறைக்கும், எல்லைக்கு வெளியே உள்ளவை ஊராட்சிகளுக்கும் உரியவை. பெருமாநல்லூரை ஒட்டிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 544 தொடர்பான உதவி எண் 1033. ஒரு பள்ளத்தைத் தோண்டிய ஒப்பந்ததாரர் யார், சாலையை மீட்டுத் தருவதற்கான நிபந்தனையும் காலக்கெடுவும் என்ன, அதற்கான தொகை வழங்கப்பட்டுவிட்டதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம்.

சாலையின் குறையால் விளையும் மரணத்தை விதி என்று ஏற்றுக்கொள்ளும் மனநிலையை நீதிமன்றங்கள் சில காலமாகவே மறுத்துவருகின்றன. கோவையைச் சேர்ந்த எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2014ஆம் ஆண்டு நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. சாலைக் குழிகளால் நேரும் மரணங்களின் எண்ணிக்கை ஏற்றுக்கொள்ளத்தக்கதல்ல என்றும், உயிரிழந்தோரின் குடும்பம் இழப்பீட்டுக்கு உரியது என்றும் அதே வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம், குழிகளாலும் திறந்த சாக்கடைத் துளைகளாலும் உயிரிழந்தோரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாயும், காயமடைந்தோருக்கு 50,000 முதல் 2.5 லட்சம் ரூபாய் வரையும் வழங்க உத்தரவிட்டது. அந்த ஆணை மகாராஷ்டிரத்துக்கே உரியது. தமிழ்நாட்டிலும் இதற்கு நிகரான தொகை வரையறுக்கப்பட வேண்டும் என்று கோருவதற்கு அது வலுவான முன்மாதிரி.

தொழிலாளர் குடும்பங்கள் எல்லாவற்றினும் முதன்மையாக அறிய வேண்டியது, ஏறும் வண்டி எத்தகையது என்பதே இழப்பீட்டின் கதியைத் தீர்மானிக்கிறது என்பதை. ஷிப்மெண்ட் நெருக்கடி நாட்களில் துணி ரோல்களோடு செக்கிங், பேக்கிங் ஆட்களும் குட்டி யானையின் பின்புறம் ஏற்றப்படுகிறார்கள். சரக்கு வாகனத்தின் காப்பீடு, 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், சரக்கின் உரிமையாளரையோ அவரால் அனுமதிக்கப்பட்ட பிரதிநிதியையோ உள்ளடக்குகிறது. அவ்வாறன்றிச் சும்மா ஏறிச் செல்லும் பயணிக்கு இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதல்ல என்று, நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைவாக, முழுத் தொகையும் வண்டி உரிமையாளர் தலையில் விழுகிறது; கடன் தவணையில் வண்டி ஓட்டும் ஒருவரிடமிருந்து தீர்ப்புத் தொகையை வசூலிப்பது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு வண்டியில் ஏற மறுப்பது தொழிலாளியின் அடங்காமையாகப் பார்க்கப்படுகிறது. அது அவர் தம் குடும்பத்தின் காப்பைக் காத்துக்கொள்ளும் செயல்.

பயணிகள் வேனிலும் இரண்டு கண்ணிகள் உண்டு. ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேல் பன்னிரண்டு பேர் வரை கட்டணத்துக்கு ஏற்றும் வாகனத்தைச் சட்டம் மேக்சி கேப் என்கிறது. அதற்கு மஞ்சள் எண்பலகையும் பெர்மிட்டும் தகுதிச் சான்றும் வேண்டும். ஓன் போர்டு எனப்படும் சொந்தப் பயன்பாட்டு வண்டியைப் பெர்மிட் இன்றி வாடகைக்கு ஓட்டுவது காப்பீட்டு நிபந்தனையை அடிப்படையிலேயே மீறுவதாகும்; அம்ரித் பால் சிங் எதிர் டாடா ஏஐஜி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, காப்பீட்டு நிறுவனம் முதலில் தொகையைச் செலுத்திவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும். அடுத்தது மிகைப் பயணிகள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஏ பிரிவு மிகையாக ஏற்றும் ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் தண்டம் விதிக்கிறது; ஆனால் உண்மையான தண்டனை விபத்துக்குப் பின்னரே தெரியும். நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் அஞ்சனா ஷ்யாம் என்ற 2007ஆம் ஆண்டு வழக்கில், 42 பேருக்குக் காப்பீடு செய்த பேருந்தில் ஏறத்தாழ 90 பேர் இருந்தபோது, காப்பீட்டு நிறுவனம் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கே பொறுப்பு என்றும், மிக அதிகமான 42 தீர்ப்புத் தொகைகளைக் கூட்டிச் செலுத்தினால் போதும் என்றும், அதை எல்லாரும் விகிதப்படி பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் வகுத்தது. பன்னிரண்டு பேர் வேனில் இருபத்தைந்து பேரைத் திணிக்கும்போது, ஒவ்வொருவருக்குமான காப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். பாரம் மிகுந்த வண்டி சேற்றில் இன்னும் ஆழமாக இறங்குவது அதற்கு மேலான தீங்கு.

கம்பெனியின் பொறுப்பு வாசலோடு முடிவதில்லை. முதலாளியாலோ அவர் சார்பிலோ இயக்கப்படும் வாகனத்தில் அவரது அனுமதியோடு வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தை வேலையின்போது நேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், 1948இன் 51சி பிரிவு கூறியது. சொந்த வண்டியிலோ பேருந்திலோ வரும் வழியில் நேரும் விபத்தையும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு மெய்ப்பிக்கப்பட்டால், 2010ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 51இ பிரிவு உள்ளடக்கியது. இதே கருத்தைத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923க்கும் பொருத்தி 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மிகாத தொழிலாளி இ.எஸ்.ஐ.யில் பதியப்பட்டிருந்தால், காயத்தால் வேலை செய்ய இயலாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். உயிரிழந்தால் சார்ந்தோர் உதவித்தொகையும் உண்டு. பீஸ் ரேட், காண்ட்ராக்ட் என்ற பெயர்களில் பதிவேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே விபத்து நாளில் கைவிடப்படுகிறார்கள். தம் பெயருக்கு இ.எஸ்.ஐ. எண் உள்ளதா என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் விபத்து வருமுன்பே கேட்டறிந்துகொள்ள வேண்டும். தொழிற்சாலைகளில் பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்த விதியை 2000ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியபோது, போக்குவரத்து வசதி செய்து தருவதையும் நிபந்தனையாக வைத்தது. எனவே இரவு ஷிப்ட் முடித்த பெண்களைத் தகுதியற்ற வண்டியில் அனுப்புவது அந்த நிபந்தனையின் கருத்துக்கே மாறானது.

விபத்து நேர்ந்ததும் 108 அல்லது 112ஐ அழைப்பது முதற்கடமை. உதவிக்கு வருபவரைத் துன்புறுத்தலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காப்பளிக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தின் கீழ், முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலிடப்பட்ட அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கும். பாதிக்கப்பட்டவர் எந்த மாநிலத்தவர் என்பது பொருட்டல்ல என்பதால், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்வோருக்கும் இது உரியது. ஒன்றிய அரசு 2025 மே மாதம் அறிவித்த பணமில்லாச் சிகிச்சைத் திட்டம், ஏழு நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிகிச்சைக்கு வகை செய்கிறது. வண்டியை அகற்றுவதற்கு முன், சக்கரத் தடம், பள்ளத்தின் ஆழம், எச்சரிக்கைப் பலகை இல்லாமை, டயரின் நிலை, டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கு ஆகியவற்றைப் படமெடுத்து வைப்பது மிகத் தேவை; அடுத்த மழையோ அவசரமாகக் கொட்டப்படும் ஒரு லோடு ஜல்லியோ அந்தச் சான்றை அழித்துவிடும்.

2022 ஏப்ரல் முதல், காவல்துறை முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும்; பாதிக்கப்பட்டோரின் உரிமைகளை விளக்கும் படிவத்தையும் அவர்களுக்கு வழங்க வேண்டும். தவறு யாருடையது என்று மெய்ப்பிக்கத் தேவையில்லாமல், உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் பெற மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வழிசெய்கிறது. வயது, வருமானம், சார்ந்தோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிட்டு முழு இழப்பீடு பெற 166ஆம் பிரிவின் கீழ் மனு செய்ய வேண்டும். நிலையான தொகையை ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டால் முழு இழப்பீட்டுக்கான மனு செல்லாமல் போகும் என்பதால், இளவயதுத் தொழிலாளியின் குடும்பம் வழக்கறிஞரைக் கேளாமல் அதற்கு இசைவு தரக்கூடாது. மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வெற்றுத்தாளில் பெறப்படும் கையொப்பத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மனு செய்ய ஆறு மாதக் கெடு சட்டத்தில் உள்ளது. அதன் செல்லுபடியை எதிர்க்கும் வழக்கு முடியும் வரை, காலங்கடந்தது என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யலாகாது என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டிருந்தாலும், கெடுவுக்குள் மனு செய்வதே பாதுகாப்பு. இ.எஸ்.ஐ. பலனையும் மோட்டார் வாகன இழப்பீட்டையும் ஒருங்கே பெறலாமா என்பதில் தீர்ப்புகள் ஒரே திசையில் இல்லை. அதைத் தொடக்கத்திலேயே வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.

வண்டியின் அமைப்பிலேயே குறை இருந்தால் வழி வேறு. புதிய வேனில் இழுவைக் கட்டுப்பாட்டு விளக்கு அணையாமல் எரிவதும், பணிமனை அதைச் சரிசெய்யாமல் திருப்பி அனுப்புவதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் குறைபாடே. தம் பிழைப்புக்காகத் தாமே ஓட்டும் உரிமையாளர் நுகர்வோராகக் கருதப்படுவார் என்பதால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம், 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் பெறலாம். ஒவ்வொரு முறையும் பணிமனையில் ஜாப் கார்டு பெற்று, குறையை அதில் எழுதச் செய்வது அவசியம். சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநரும், டயர் தேய்ந்ததையும் விளக்கு எரிவதையும் உரிமையாளருக்கு வாட்ஸ்அப் செய்தியாகவேனும் எழுத்தில் தெரிவித்து வைத்தால், பின்னாளில் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் வழக்கு வரும்போது, அபாயத்தை அறிந்தும் வண்டியை ஓட்டச் சொன்னவர் யார் என்பதற்கு அது பதிலாகும்.

செலவுக்கு அஞ்சி உரிமையைக் கைவிட வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தோ அதைப் பெறலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த ஊரில் மட்டுமன்றி மனுதாரர் குடியிருக்கும் எல்லைக்குட்பட்ட தீர்ப்பாயத்திலும் மனு செய்யலாம் என்பதால், நெருப்பெரிச்சலில் உயிரிழந்த தொழிலாளியின் மனைவி, தம் சொந்த ஊர் ஒடிசாவிலோ தேனியிலோ இருந்தாலும், ஒவ்வொரு வாய்தாவுக்கும் திருப்பூருக்குப் பயணப்படாமல் அங்கிருந்தே வழக்கை நடத்த முடியும்.